ஆறாவது ஆள்

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் அன்பிய விழாவில் நகைச்சுவைத் துணுக்குப் போட்டி ஒன்று நடைபெற்றது. ஒருவர் ஒரு துணுக்குத்தான் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. முதற்பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். தமிழ் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னை நடுவர் நாற்காலியில் அமர்த்தி, மதிப்பெண் தாள் ஒன்றையும் கையில் தந்தார்கள். கருத்து, சொல்லும் முறை, அவையின் வரவேற்பு என அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. சிரிப்பு வந்ததா என்பதற்குத் தனிக் கட்டம் இல்லை.

பதினொருவர் பேசினர். ஏழாவதாக வந்தவர் தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் சொன்னது இது. ஒருவர் பங்குத்தந்தையிடம் போய், "சாமி, போன ஞாயிறு உங்கள் மறையுரையைக் கேட்ட பிறகு இராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமே இல்லை" என்கிறார். பங்குத்தந்தைக்கு மகிழ்ச்சி. "அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதா?" என்று கேட்கிறார். "அப்படி இல்லை சாமி. எனக்கு இராத்திரி தூக்கம் வராது, பகலில் தூங்கிவிட்டால்."

மன்றம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த எங்கள் பங்குத்தந்தைதான் முதலில் சிரித்தார். அதோடு பெரியவர் மேடையைவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் பின்வரிசைக்கு விளங்கியதோ இல்லையோ என்று அவருக்கு ஓர் ஐயம். ஒலிவாங்கியை மறுபடியும் பற்றி, "அதாவது, மறையுரை நேரத்தில் அவர் தூங்கிவிட்டாராம்" என்றார். எழும்பிக்கொண்டிருந்த சிரிப்பு அப்படியே அமர்ந்துவிட்டது.

ஒரு துணுக்கு எதனால் சிரிப்பூட்டுகிறது என்று ஆராய விரும்புவோருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. பெரியவர் பின்னால் சேர்த்த வாக்கியத்தில் பொய் ஏதும் இல்லை. புதிய செய்தியும் இல்லை. ஆயினும் அது எதையோ பறித்துக்கொண்டது. கேட்பவர் செய்ய வேண்டிய வேலையைத்தான் அது பறித்தது. 'பகல்' என்ற சொல்லிலிருந்து 'கோவில்' என்ற இடத்துக்கு ஒரு சிறு தாவல் இருக்கிறது. அதைத் துணுக்குச் சொல்பவர் தாவக் கூடாது. கேட்பவரே தாவ வேண்டும். தாவி முடித்த மகிழ்ச்சிதான் சிரிப்பாக வெளிப்படுகிறது. தூரம் மிகக் குறைவாயின் தாவ வேண்டிய தேவையே இல்லை. மிகுதியாயின் நடுவில் விழுந்து, 'என்ன சொன்னார்?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க நேரும். நல்ல துணுக்குக்காரர் தம் அவையின் கால் எவ்வளவு எட்டும் என்பதை அறிந்தவர். அதைவிட முக்கியமாக, அது எட்டும் என்று நம்புபவர். பெரியவர் கடைசி நொடியில் அந்த நம்பிக்கையை இழந்தார்.

ஜெர்மானிய மெய்யியலார் கான்ட் 1790இல் வெளியிட்ட நூல் ஒன்றில், முறுக்கேறி நின்ற எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமற் போவதே சிரிப்புக்குக் காரணம் என்று விளக்கினார். பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. மேற்படித் துணுக்கில் எதிர்பார்ப்பு ஒன்றுமில்லாமற் போகவில்லை. 'தூக்கமே இல்லை' என்ற அதே சொற்கள் அங்கேயே இருக்கின்றன. பாராட்டாக நின்றவை புரண்டு படுத்துக் குறையாகிவிட்டன. அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெரியவரின் கடைசி வாக்கியத்தைப் பள்ளி ஆசிரியர் பார்த்தால் திருத்துவார். 'பகலில் தூங்கிவிட்டால் எனக்கு இரவில் தூக்கம் வராது' என்பதுதான் எழுத்துத் தமிழின் ஒழுங்கு. அந்த ஒழுங்கின்படி சொல்லிப் பாருங்கள். சிரிப்பு பாதியாகக் குறைந்துவிடும். திறவுகோலாகிய சொல் முன்னே வந்துவிட, பின்னே வருவது வெறும் நிரப்பாகிவிடுகிறது. தமிழ் வினைமுற்றை இறுதியில் வைத்துக் காக்கும் மொழி. வாக்கியம் முடியும்வரை உண்டா இல்லையா என்பதே தெரியாது. துணுக்குக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் திறவுகோல் வினையில் இல்லாமல் வேறொரு சொல்லில் இருக்கும்போது, பேச்சுத் தமிழ் சற்றும் தயங்காமல் ஒழுங்கைக் கலைத்து அச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. வார இதழ்களில் அச்சாகும் துணுக்குகள் பேச்சு நடையை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1989இல் கங்கை அமரன் இயக்கத்தில் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' திரைப்படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாத தமிழர் அரியர். கவுண்டமணி இரண்டு பழம் வாங்கிவரக் காசு கொடுக்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொண்டுவந்து தருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். எத்தனை முறை கேட்டாலும் அதே விடை. அந்த விடையில் தருக்கப் பிழை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால் நம்மில் பலர் திணறுவோம். ஒன்றை எடுத்துவிட்டால் மீதமுள்ளது இன்னொன்றுதானே! முட்டாள்தனம் ஒழுங்கின்றி இருந்தால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை, இரக்கமே வருகிறது. முட்டாள்தனம் முறையாகச் சிந்திக்கும்போதுதான் சிரிக்கிறோம். ஒரு பழத்தை இரண்டாக எண்ணிய இந்தக் காட்சிக்கு நேர் எதிரான கணக்கு ஒன்று நம் இலக்கியத்தில் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

போட்டியில் முதற்பரிசு யாருக்குக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். பெரியவருக்கு அன்று. அவருக்குப் பின் வந்த இளைஞர் ஒருவர், வட மாநிலத் தொழிலாளி ஒருவர் மளிகைக் கடையில் பேசுவதாக நடித்துக் காட்டினார். மூக்கால் பேசினார், தலையை ஆட்டினார், வேற்றுமை உருபுகளை மாற்றிப் போட்டார். "அண்ணா, அரிசிக்கு நான் வேணும்" என்றபோது மன்றம் அதிர்ந்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். 'அவையின் வரவேற்பு' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் இட்டேன்.

மணவாள நகரைச் சுற்றி வாழ்வோருக்கு இதன் பின்னணியை விளக்க வேண்டியதில்லை, பிறருக்காகச் சொல்கிறேன். திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய இப்பகுதியிலிருந்து நாள்தோறும் விடியலில் பணிக்குப் புறப்படுவோர் பலர். காக்களூர்த் தொழிற்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர்ச் சாலைத் தொழிற்சாலைகள், அப்பால் கும்மிடிப்பூண்டி சிப்காட் என இம்மாவட்டமே இயந்திர ஒலியில் கண்விழிக்கிறது. அண்மை ஆண்டுகளில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் திரளாக வந்து பணி செய்கிறார்கள். அவர்களுள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஜார்க்கண்டின் பழங்குடி மக்களிடையே கத்தோலிக்க விசுவாசம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றி இருப்பதை நம்மிற் சிலரே அறிவர். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசைகளில் அவர்கள் அமர்கிறார்கள். தமிழ்ப் பாடல் அவர்களுக்கு முழுதும் விளங்காது; எழ வேண்டிய இடத்தில் எழுகிறார்கள்; மண்டியிட வேண்டிய இடத்தில் மண்டியிடுகிறார்கள்.

அன்றும் மன்றத்தின் கடைசி வரிசையில் நால்வர் இருந்தனர். நான் சிரித்து ஓய்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அவர்களுள் ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்து முடித்தபின் அவர் சிரித்தார். எதற்கென்று அறிந்து சிரித்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது தாம் மட்டும் சிரிக்காமலிருப்பது முறையன்று என்று எண்ணிச் சிரித்ததாகவே பட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் மதிப்பெண் தாளைப் பார்க்க எனக்குக் கூசியது. ஆனால் மாற்றவில்லை. பரிசும் வழங்கப்பட்டது.

வீடு திரும்பியபின் எனக்குள் எழுந்த கேள்வி அறவியல் சார்ந்தது மட்டும் அன்று. அது திறனாய்வுக் கேள்வியும் ஆகும். அந்த நடிப்பு தவறு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது வேடிக்கையாக இருந்ததா? நான் சிரித்தது உண்மை. சிரித்துவிட்டதனாலேயே ஒன்று நல்ல நகைச்சுவை ஆகிவிடுமா? அக்குளில் விரல் வைத்தாலும்தான் சிரிக்கிறோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றார். பிறரை இகழும் எள்ளல் ஒன்று. குழந்தைமையாகிய இளமை ஒன்று. அறியாமையாகிய பேதைமை ஒன்று. நான்காவது மடன், பிறர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பற்றிக்கொண்டு விடாதிருத்தல் என்று இதற்கு உரைகாரர் பொருள் விரிப்பர். நமக்கு வேண்டியது இதற்கு மேல் பேராசிரியர் தம் உரையில் செய்த ஒரு நுட்பமான பிரிவு. இந்நான்கும் பிறரிடத்தில் தோன்றுவதும் உண்டு, தன்னிடத்தில் தோன்றுவதும் உண்டு என்று ஒவ்வொன்றையும் இரண்டாக்குகிறார் அவர். அதாவது, பிறருடைய அறியாமையைக் கண்டும் நகலாம். தன் அறியாமையை நினைந்தும் நகலாம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஹாப்ஸ், பிறர் குறையைக் கண்டு 'நான் உயர்ந்தவன்' எனத் திடீரெனப் பெருமிதம் கொள்வதே சிரிப்பு என்று கொண்டார். அவருக்குச் சிரிப்பின் ஒரு கதவுதான் முதன்மையாகப் பட்டது. பேராசிரியர் இரண்டையும் திறந்து வைத்தார்.

இப்போது முன்பு சொன்ன கணக்குக்கு வருகிறேன். அது வீரமாமுனிவருடையது. 1680இல் இத்தாலியில் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த இயேசு சபைத் துறவி அவர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அதே கை 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதியது. தமிழ் கற்கும் ஐரோப்பியத் துறவியருக்குப் பேச்சு வழக்குப் பழக வேண்டும் என்ற நோக்கம் அதற்கு இருந்தது என்பர். 1822இல் பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அதை அச்சேற்றினார். நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டுச் சொல்லப்பட்டு, ஆசிரியர் பெயரே மறந்துபோகும் அளவுக்கு அது நாட்டுக் கதையாகிவிட்டது. ஓர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய வெற்றி இருக்க முடியாது.

குருவும் ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்க்கிறார்கள். அது சுரீரென்று சீறவே, ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சிக் காத்திருக்கிறார்கள். பிறகு அணைந்த அதே கட்டையை வைத்துப் பார்க்கிறார்கள், சத்தமில்லை, ஆறு தூங்கிவிட்டது! மெல்ல அடி வைத்து அக்கரை சேர்கிறார்கள். எல்லாரும் வந்துவிட்டோமா என்று ஒருவர் எண்ணுகிறார். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். எண்ணியவர் தம்மை எண்ணவில்லை. அடுத்தவர் எண்ணுகிறார், ஐந்து. யார் எண்ணினாலும் ஐந்து. ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று புலம்புகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வருகிறான். பிழை எங்கே என்று அவனுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவன் அதைச் சொல்வதில்லை. தன் மந்திரத்தால் காணாமற்போனவரை வரவழைப்பதாகக் கூறிப் பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணச் சொல்கிறான். ஆறு அடி, ஆறு பேர்.

இந்தக் கதைக்கரு முனிவரின் சொந்தக் கற்பனை அன்று. இங்கிலாந்தில் கோதாம் என்ற ஊராரைப் பற்றி இதே கதை வழங்குகிறது. வேதாந்த மரபில் 'பத்தாமவன் கதை' என்ற பெயரில் இதே கதை இருக்கிறது. வித்தியாரணியரின் பஞ்சதசி இதை எடுத்தாள்கிறது. ஆற்றைக் கடந்த பதின்மரில் ஒருவர் மற்ற ஒன்பதின்மரை எண்ணித் தம்மை விட்டுவிட்டு அழுகிறார். அவ்வழி வந்தவர் ஒருவர், பத்தாமவன் நீயே என்று உணர்த்துகிறார். ஆன்மாவை வெளியே தேடும் மனிதனுக்கு அது உவமை.

கதை ஒன்றே. ஓரிடத்தில் மெய்யியல்; மற்றோரிடத்தில் வெடிச்சிரிப்பு. வேறுபாடு எங்கே? வேதாந்தக் கதையில் வழிவந்தவர் விடையைச் சொல்லிவிடுகிறார். முனிவரின் கதையிலோ கதைக்குள் இருக்கும் ஒருவரும் விடையைச் சொல்வதில்லை. ஆறாவது ஆள் எங்கே என்பது வழிப்போக்கனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், கடைசிவரை அந்த அறுவருக்குத் தெரியாது. அவர்கள் தங்களையே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு நடக்கிறார்கள். எங்கள் பங்குப் பெரியவருக்கு ஒலிவாங்கி கிடைத்தது போல முனிவருக்கும் எழுத்தாணி கையில் இருந்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டார்.

அந்நூலில் எனக்கு இன்னும் பிடித்த பகுதி வேறொன்று. குதிரையில் போகும் குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவில்லையே என்கிறார்கள். இனி விழுவதை எல்லாம் எடுங்கள் என்று குரு கட்டளையிடுகிறார். குதிரை சாணம் இடுகிறது, அதையும் ஏந்திக்கொள்கிறார்கள். சினந்த குரு, எடுக்க வேண்டியவற்றை எல்லாம் ஓலையில் எழுதித் தருகிறார். பிறகு குருவே பள்ளத்தில் விழுந்துவிடுகிறார். சீடர்கள் ஓலையைப் படிக்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, எடுக்கிறார்கள். வேட்டி இருக்கிறது, எடுக்கிறார்கள். குருவின் பெயர் ஓலையில் இல்லை, விட்டுவிடுகிறார்கள். இறுதியில் அவர் பள்ளத்தில் கிடந்தபடியே தம்மையும் எழுதிச் சேர்க்கிறார். தொல்காப்பியர் சொன்ன மடனுக்கு இதைப் போன்ற எடுத்துக்காட்டு இல்லை. அலுவலகங்களில் பணியாற்றியோருக்கு இது கதையாகவும் படாது.

இரண்டு கதைகளிலும் அடியில் இருப்பது ஒரே பிழை என்பதைக் காணுங்கள். எண்ணுகிறவர் தம்மை எண்ண மறக்கிறார். பட்டியல் எழுதுகிறவர் தம்மை எழுத மறக்கிறார்.

இந்நூல்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அயல்நாட்டு மறைபரப்பாளர் ஒருவர் இந்நாட்டு மடங்களையும் குருமார்களையும் எள்ளி நகைக்க எழுதிய நூல் இது என்பர். கத்தோலிக்கராகிய நாம் அதைக் கேட்டவுடன் மறுக்க எழுவதே வழக்கம். நான் மறுக்கவில்லை. மற்றவருடைய குருவை நகையாடும் கதை என்று நம்முள்ளே சிலர் மகிழ்ந்து படித்ததும் உண்டு. அந்த மகிழ்ச்சிக்கு நூலில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சீடர்களின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மட்டி, மடையன், பேதை, மூடன் என்பன நான்கு. நான்கும் அறிவின்மையைக் குறிப்பன. ஐந்தாமவன் பெயர் மிலேச்சன். அது அறிவின்மையைக் குறிக்கும் சொல் அன்று. மொழியும் ஒழுக்கமும் அறியாத வேற்று நாட்டானைக் குறிக்கும் வசைச்சொல். முனிவர் காலத்தில் கடல் கடந்து வந்த வெள்ளையர்மேல் விழக்கூடிய சொல். அவர்மேலேயே விழக்கூடிய சொல். அகராதி எழுதியவருக்கு அதன் பொருள் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அதை எடுத்து ஐந்து முட்டாள்களுள் ஒருவனுக்குச் சூட்டினார். அவருடைய உள்நோக்கத்தை அறுதியிட்டுரைக்க நான் துணியவில்லை. நூலில் கிடைப்பதைச் சொல்கிறேன். முட்டாள்களை எண்ணும்போது அந்நியனையும் சேர்த்து எண்ணிய பட்டியல் அது.

முனிவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1879இல், தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கர் என்பது நமக்குத் தெரியும். அவர் கதையைத் தன்மையில் சொல்ல வைத்தார். பிரதாபன் தன் இளமைக்கால மடமையைத் தானே எடுத்துரைக்கிறான். அந்நூலின் நகைச்சுவை இன்றும் வாடாதிருக்க அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புனித தாமஸ் மூர் 1535ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் கொலைமேடைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மேடை உறுதியின்றி ஆடியது. ஏறுவதற்குச் சற்றுக் கைகொடுக்கும்படி அதிகாரியிடம் கேட்ட அவர், இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்று அவர் வரலாறு கூறும். யார் இறங்கப் போகிறார், எப்படி இறங்கப் போகிறார் என்பதை அவர் சொல்லவில்லை. அந்தத் தாவலை அதிகாரிக்கு விட்டுவிட்டார். திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பரிடம், வத்திக்கானில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டாராம். ஏறக்குறையப் பாதிப் பேர் என்றாராம் அவர். இது அவர் சொன்னதாக வழங்குவது. கேள்வியில் 'வேலை செய்வது' என்பதற்குப் பணியில் இருப்பது என்று பொருள். விடையில் உண்மையாகவே வேலை செய்வது என்று பொருள். ஒரு சொல்லும் மாறவில்லை. அதே மாளிகையில் வேலை செய்பவர்தாம் அவரும். எந்தப் பாதியில் தாம் இருப்பதாக அவர் சொல்லாமல் விட்டதில்தான் இனிமை இருக்கிறது.

விழா முடிந்து தேநீர் வழங்கும்போது நடந்ததை இன்னும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் பிந்திச் சிரித்த அந்த இளைஞர் என்னருகே தேநீர்க் குவளையோடு நின்றார். என் மனத்தில் உறுத்தல் இருந்தது. ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "தம்பி, உனக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன். கேள்வியே தவறு, அன்று மாலை கேட்கத் தகாத கேள்வி. அவர் சற்று யோசித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"எனக்குத் தமிழ் தெரியும் ஐயா. தமிழுக்குத்தான் என்னைத் தெரியாது."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், இம்முறை பிந்தவில்லை.

இதை ஏன் அன்று மாலையின் மிகச் சிறந்த துணுக்கு என்கிறேன்? அனுதாபத்தால் அன்று. இலக்கணத்தால். 'தெரியும்' என்ற வினை தமிழில் விந்தையானது. அறிபவன் எழுவாயாக நிற்பதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று 'எனக்கு' என்று ஒதுங்கி நிற்கிறான். ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் பேசுவோர் இடறும் இடங்களில் இதுவும் ஒன்று. அவர் அதே இடத்தில் இரண்டு உருபுகளை மட்டும் இடம் மாற்றினார். 'எனக்கு' இருந்த இடத்தில் 'தமிழுக்கு'. 'தமிழ்' இருந்த இடத்தில் 'என்னை'. பரிசு பெற்றவர் மேடையில் செய்ததும் உருபு மாற்றமே. அங்கே அது அறியாமையாகக் காட்டப்பட்டது. இங்கே அறிந்து செய்யப்பட்டது. மேடை நடிப்பிலிருந்து மூக்கொலியையும் தலையாட்டலையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிறிது. இந்த விடையை யார் குரலில் சொன்னாலும், அச்சில் படித்தாலும், அப்படியே நிற்கிறது. தமிழ் தெரியாதவர் அதைச் சொல்லியிருக்க முடியாது. 'தெரியும்' என்ற முதல் வாக்கியத்துக்கு இரண்டாம் வாக்கியமே சான்று. அவர் தம்மையும் எண்ணினார், என்னையும் எண்ணினார். தமிழ் என்று அவர் குறிப்பிட்டது மொழியை மட்டுமா என்ற தாவலை எனக்கு விட்டுவிட்டார்.

இப்போது நினைக்கும்போது, பரிசு பெற்ற நடிப்பிலும் ஒரு நல்ல துணுக்கின் விதை இருந்தது என்றே தோன்றுகிறது. 'அரிசிக்கு நான் வேணும்' என்ற வாக்கியத்தைத் தலையாட்டல் இல்லாமல் சொல்லிப் பாருங்கள். செங்குன்றத்து அரிசி ஆலைகளில் இன்று மூட்டை சுமப்போர் யார் என்று அறிந்தவருக்கு அது பிழையான வாக்கியம் அன்று. நடித்தவர் அதை அறிந்து சொல்லவில்லை; மன்றமும் அறிந்து சிரிக்கவில்லை; நடுவரும் அறியவில்லை. கையில் இருந்த துணுக்கைத் தவறவிட்டுவிட்டுக் குரலுக்குச் சிரித்தோம்.

விவிலியத்தில் சாரா இருமுறை சிரிப்போடு தொடர்புபடுத்தப்படுகிறார். தொடக்கநூலின் பதினெட்டாம் அதிகாரத்தில் கூடாரத்துக்குள் மறைந்து நின்று தமக்குள் சிரிக்கிறார். கேட்டபோது சிரிக்கவில்லை என்று மறுக்கிறார். இருபத்தொன்றாம் அதிகாரத்தில் மகன் பிறக்கிறான். ஈசாக்கு என்ற பெயரே சிரிப்போடு தொடர்புடையது. அப்போது சாரா மறைவதில்லை. கேட்போர் அனைவரும் தம்மோடு சேர்ந்து சிரிப்பர் என்கிறார். மறையுரைகளில் இவ்விரு சிரிப்புகளும் நம்பிக்கையின்மை, நம்பிக்கை என்றே விளக்கப்படுகின்றன. மறைந்து நின்று சிரிப்பதற்கும் சேர்ந்து சிரிப்பதற்கும் உள்ள வேறுபாடாகவும் அவற்றைப் படிக்கலாம் என்பது என் கருத்து. மேடை நடிப்பின்போது என் சிரிப்பு கூடாரத்துச் சிரிப்பு. மதிப்பெண் தாளைப் பற்றி அன்று யாராவது கேட்டிருந்தால் நானும் மறுத்திருப்பேன்.

இவ்வாண்டு அன்பிய விழாவுக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. மறுபடியும் நடுவராக வரும்படி கேட்டார்கள். இயலாது என்று சொல்லிவிட்டுப் போட்டியாளர் பட்டியலில் என் பெயரை எழுதினேன். எனக்கு மேலே அந்தத் தம்பியின் பெயர் இருந்தது, தமிழ் எழுத்தில், அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தது. எனக்கு இன்னும் துணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.